கேட்டதும் சொன்னதும்: எல்லா மால்களுக்கும் பாட்டி

கே: அமெரிக்காவில் மினியாபொலிஸ் பக்கம், ஈடைனா என்ற சின்ன ஊரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். மார்கழிக் குளிரில் வெளியே கால் வைக்க முடியாமல், தினமும் சவுத்டேல் மாலுக்குள்தான் நடைப்பயிற்சி. “அத்தை, உலகத்தின் முதல் மால் இதுதான்” என்றார் மாப்பிள்ளை. எனக்கென்னவோ மற்ற மால்களைப் போலத்தான் தெரிந்தது. நிஜமா?
— வாசகி, சேலம்

ப: மற்ற மால்கள்தான் அதைப் போல இருக்கின்றன, அம்மா! மாப்பிள்ளை சொன்னதில் பெரிய தப்பில்லை. விஸ்கான்சினில் ஆப்பிள்டன் ஊர்க்காரர்களைக் கேட்டால், கூரை போட்ட கடைத்தொகுதி எங்களிடம் அதற்கு முன்பே இருந்தது என்று சண்டைக்கு வருவார்கள். ஆனால் இரண்டு பெரிய கடைகளை இரு முனையில் நிறுத்தி, நடுவில் முற்றம் விட்டு, மொத்தத்தையும் மூடி, வருடம் முழுக்க ஒரே சூட்டில் வைத்து, இன்று உலகமே காப்பியடிக்கிற அந்த வடிவம் 1956 அக்டோபர் 8 அன்று ஈடைனாவில்தான் திறந்தது. செலவு 2 கோடி டாலர், 72 கடைகள், 5,200 கார் நிற்க இடம்.

காரணம் நீங்கள் அனுபவித்த அதே குளிர்தான். அந்த ஊரில் கடைத்தெருவில் நிம்மதியாக நடக்கத் தோதான நாட்கள் வருடத்துக்கு 126தான் என்று கணக்குக் காட்டினார் கட்டடக்கலைஞர் விக்டர் க்ரூயன். பணம் போட்டது மினியாபொலிஸின் டேட்டன்ஸ் கடைக்காரர்கள். பரம வைரியான டொனால்ட்சன்ஸ் கடையையும் அதே கூரைக்குள் கூப்பிட்டார்கள், அதுதான் துணிச்சல்.

மாடியில் கடை வைத்தால் யார் ஏறுவார்கள் என்பது வியாபாரிகளின் பழைய பயம். க்ரூயன் கார் நிறுத்தத்தையே இரண்டு மட்டமாக்கிவிட்டார். ஒரு பக்கம் காரை விட்டு இறங்கினால் நேரே கீழ்த்தளம், இன்னொரு பக்கம் இறங்கினால் நேரே மேல்தளம், ஆக இரண்டுமே தரைத்தளம்! நடைபாதையே கதகதப்பாக இருந்ததால் கடைக்குக் கதவு வேண்டியதில்லை, முகப்பைத் திறந்தே போட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கிடங்கு மாதிரி வெறும் சுவர்தான். உள்ளேயோ மேலிருந்து வெளிச்சம் விழும் முற்றம், மீன் குளம், காபி குடிக்க மேசைகள், 21 அடி உயரக் கூண்டில் வண்ணப் பறவைகள். வெளியே பனி கொட்டுகிற நாளில் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு கிளிச் சத்தம் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

கே: மாலைக் கண்டுபிடித்தவரே அதைத் திட்டினாராமே, ஏன்?
— வாசகர், தஞ்சாவூர்

ப: முதலில் பூமாலை என்று படித்துத் தொலைத்தேன். சரி, விஷயத்துக்கு வருவோம்.

க்ரூயன் வியன்னாக்காரர், யூதர், சோஷலிஸ்ட். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி, கையில் எட்டு டாலரோடு நியூயார்க்கில் இறங்கினார். அவர் மனதில் இருந்தது கடைகளே இல்லை, வியன்னாவின் சதுக்கம். ஜனங்கள் காரை ஓரம் கட்டிவிட்டு நடக்க வேண்டும், உட்கார வேண்டும், நாலு பேரோடு பேச வேண்டும். சவுத்டேல் திட்டம் 463 ஏக்கர். வீடுகள், பள்ளி, மருத்துவமனை, பூங்கா, ஏரி எல்லாம் வரைபடத்தில் இருந்தன. மால் எழும்பியதும் சுற்றியிருந்த நிலத்தின் விலை ஏறிக்கொண்டது, ஊர் கட்டுவதைவிட மனையாக விற்பது லாபமாகிவிட்டது. நம் ஊரில் புறவழிச்சாலை வந்தால் நடக்கிற அதே கதை.

இதோடு 1954இன் வரிச் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுக் கட்டடத்தின் தேய்மானத்தை முதல் சில வருடங்களிலேயே பெரிய அளவில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். கையில் வருமானம், கணக்கில் நஷ்டம், வரியும் குறைவு! அப்புறம் யார் சும்மா இருப்பார்கள்? ஊருக்கு வெளியே மலிவான நிலத்தில் மாலாக முளைத்தது, பல ஊர்களில் பழைய கடைவீதி காய்ந்தது. சதுக்கத்தை விட்டுவிட்டு லாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் க்ரூயனின் ஆத்திரம். 1978இல் லண்டனில் பேசும்போது, முறைதவறிப் பிறந்த இவற்றுக்கெல்லாம் நான் ஜீவனாம்சம் கொடுக்க மாட்டேன் என்கிற தொனியில் கைகழுவினார். அதற்கு முன்பே வியன்னாவுக்குத் திரும்பியிருந்தார். அங்கேயும் நகரின் தெற்கே ஒரு ராட்சத மால் வந்து சேர்ந்தது. 1980இல் காலமானார்.

என் கட்சி என்ன என்று கேட்பீர்கள். மனிதர் பாவம்தான், ஆனால் சுற்றிலும் ஐயாயிரம் காருக்கு இடம் விட்டவரும் அவர்தானே?

கே: ஒரு சோப்பு வாங்கப் போய், மூன்று மணி நேரம் சுற்றி, சோப்பைத் தவிர எல்லாம் வாங்கி வருகிறேன். இது வியாதியா?
— வாசகர், நாகர்கோவில்

ப: இல்லை, இதற்குப் பெயரே ‘க்ரூயன் டிரான்ஸ்ஃபர்’. வந்த காரியம் மறந்து வெறுமனே அலைகிறவராக நீங்கள் மாறுகிற அந்த நொடி. இப்படி ஆக வேண்டும் என்று அவர் நினைக்கவேயில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை சோப்பைத் தெருமுனைக் கடையில் வாங்குங்கள்.

கே: சவுத்டேல் இன்னும் ஓடுகிறதா?
— வாசகி, புதுச்சேரி

ப: மேலே சேலம் வாசகி நடந்துவிட்டு வந்திருக்கிறாரே! டேட்டன்ஸ் பெயர்ப்பலகை 2001இல் மார்ஷல் ஃபீல்ட்ஸ் ஆகி, 2006இல் மேசிஸ் ஆனது. 1992இல் பக்கத்து ஊரான ப்ளூமிங்டனில் மால் ஆஃப் அமெரிக்கா என்ற பூதம் வந்தும் பாட்டி தாக்குப்பிடித்தாள். ஜே.சி.பென்னி கடை இருந்த இடத்தில் 2019இல் உடற்பயிற்சிக்கூடம் வந்தது. பறவைக் கூண்டு போய்விட்டது. சிற்பி ஹாரி பெர்டோயா செய்த பொன்னிற உலோக மரங்கள் மட்டும் முற்றத்தில் நிற்கின்றன. சேலம் அம்மா, அடுத்த தடவை போனால் கொஞ்சம் நின்று அண்ணாந்து பாருங்கள்.