சிறுகுறிஞ்சான் பொடி குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். போன மாதம் நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் இலைப்பொடி வாங்கி, காலையில் வெந்நீரில் கலந்து குடிக்கிறார். வெறும் வயிற்றில் 168 இருந்தது 141 ஆகிவிட்டது, மாத்திரையை நிறுத்தப் போகிறேன் என்கிறார். நிறுத்தலாமா?

பதில்: இப்போதைக்கு நிறுத்த வேண்டாம். வீட்டு குளுக்கோமீட்டர் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்ட சர்வதேசத் தரமே இடம் தருகிறது. ரத்தத்தில் உண்மையில் 155 இருந்தால், அதே மீட்டர் 141-ம் காட்டலாம், 168-ம் காட்டலாம். முந்தின இரவு பரோட்டாவா இட்லியா என்பதும் காலை எண்ணை மாற்றிவிடும்.

அதற்காக இந்த இலையை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேர் வழக்கமான மாத்திரையோடு இந்த இலைச்சாற்றைத் தினமும் 400 மி.கி. வீதம் 18 முதல் 20 மாதம் எடுத்தார்கள். ஐந்து பேரால் மாத்திரையை விட்டுவிட முடிந்தது. நல்ல செய்திதான். ஆனால் மீதி 17 பேரால் விட முடியவில்லை. தவிர, பாதிப் பேருக்குச் சாறு, பாதிப் பேருக்கு அதேபோன்ற வெற்று மாத்திரை என்று கொடுத்து, யாருக்கு எது என யாருக்கும் தெரியாமல் நடத்திய சோதனை இல்லை அது. புது மருந்து தொடங்கியவர் சாப்பாட்டிலும் தானாகவே கவனமாகிவிடுவார். சர்க்கரையைக் குறைத்தது மருந்தா, அந்தக் கவனமா என்று பிரித்துப் பார்க்க அப்படிப்பட்ட சோதனைதான் வேண்டும். அப்புறம், அங்கே கொடுத்தது அளவு தெரிந்த சாறு. கடைப் பொடியில் வேலை செய்யும் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பாக்கெட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

என் கவலையெல்லாம் கிளிமிபிரைடு பற்றித்தான். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். பொடியும் சேர்ந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இந்த இலை நாக்கில் இனிப்புச் சுவையை மழுங்கடிக்கும். "இனிக்கவே இல்லையே" என்று அப்பா சொன்னாலும் குடிக்க வையுங்கள், ரத்தத்தில் ஏறிவிடும்.

சரி, பொடி வேலை செய்கிறதா என்று முறையாகப் பார்ப்பது எப்படி? முதலில் டாக்டரிடம் பொடியைக் காட்டுங்கள். அவர் சரி என்றால் ஹெச்பிஏ1சி (ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பது), கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளை எடுத்துவிடுங்கள். இந்த இலையால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவ இதழில் பதிவு உண்டு என்பதால் கல்லீரல் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். பிறகு மூன்று மாதம் மாத்திரை, சாப்பாடு, நடை எதையும் மாற்றாமல் பொடியை மட்டும் ஒரே அளவில் தொடரட்டும். வாரம் மூன்று நாள், கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரே நேரத்தில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், மூன்றாம் மாத ஹெச்பிஏ1சி இந்த முழுக் காலத்தின் சராசரியைச் சொல்லும். அதே லேபில் எடுங்கள். நன்றாகக் குறைந்திருந்தால் எந்த மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்று டாக்டர் சொல்வார்; அப்போது அவர் முதலில் கை வைப்பது பெரும்பாலும் கிளிமிபிரைடில்தான்.