எந்த ரிசீவர் எடுக்கலாம், அண்ணே?

கேள்வி: அண்ணே, மாடியில 12-க்கு 14 அடி ரூம் ஒண்ணை படம் பாக்குறதுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்கேன். ஸ்பீக்கர், சப்-வூஃபர் (கனத்த பேஸ் சத்தத்துக்குன்னே உள்ள ஸ்பீக்கர்), ரிசீவர் (சத்தத்தைப் பிரிச்சு எல்லா ஸ்பீக்கருக்கும் பவரோட அனுப்புற பெட்டி) எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குள்ள முடிக்கணும். கூட வேலை பாக்குறவர் டெனான்ங்கிறார், மச்சினன் யமஹாங்கிறான், டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரர் வாட்ஸைப் பாத்து எடுங்கங்கிறார். எதைக் கேக்க? - மதுரை திருநகர் வாசகர்

பதில்: தம்பி, டெனானோ யமஹாவோ, ரெண்டுமே நல்ல பெட்டிதான். ஒரே ஸ்பீக்கர்ல மாத்தி மாத்திப் போட்டு, கண்ணைக் கட்டி உக்கார வச்சா எது எதுன்னு எனக்கே சொல்லத் தெரியாது. இத்தனை வருஷமா செட்டுப் பிரிச்சுப் பூட்டுறவன் சொல்றேன். யமஹா கணீர்னு இருக்கும், டெனான் இதமா இருக்கும்னு சொல்வாங்க. ரெண்டையும் ஒரே சத்த அளவுல வச்சு, ரூமுக்கு ஏத்த மாதிரி சத்தத்தைத் தானா திருத்துற ரூம் கரெக்‌ஷனையும் நிறுத்திட்டுக் கேட்டா அந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமப் போயிரும். கடையில கொஞ்சம் கூடுதலா ஒலிக்கிற செட்டுதான் நல்ல செட்டுன்னு நம்ம காது ஏமாந்துரும்.

வாட்ஸ் சமாச்சாரத்துக்கு வர்றேன். பெட்டி மேல கொட்டை எழுத்துல இருக்குற நம்பரை விடுங்க. கீழ பொடி எழுத்தைப் படிங்க. 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல் (அதாவது ஒரே ஒரு ஸ்பீக்கரை ஓட்டி அளந்தது), 10 சதவீதம் டிஸ்டார்ஷன் (சத்தம் கெட்டுப் போற அளவு)னு இருந்தா அது கல்யாண மண்டபத்து வாசல்ல வைக்கிற கட்-அவுட் மாதிரி, ஆளை விடப் பெருசாத்தான் தெரியும். 8 ஓம், 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை, ரெண்டு சேனல், 0.08 சதவீதம்னு இருந்தா அது நம்பலாம். அஞ்சு சேனலும் ஒண்ணா இழுத்தா அதுவும் குறையும். சரி, 80 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் என்ன வித்தியாசம்? 1 டெசிபல். காதுல விழுந்தா அதிர்ஷ்டம். பவரை ரெண்டு மடங்கு ஆக்கினாலே கிடைக்கிறது 3 டெசிபல்தான். அதே 3 டெசிபலை, சென்சிட்டிவிட்டி (ஒரே பவர்ல எவ்வளவு சத்தம் தருதுங்கிற அளவு) 88 உள்ள ஸ்பீக்கருக்குப் பதிலா 91 உள்ளதை எடுத்தா சும்மாவே வாங்கிரலாம். அதனால காசுல பாதிக்கு மேல ஸ்பீக்கருக்கும் சப்-வூஃபருக்கும் போகட்டும். உங்க ரூமுக்கு 5.1 (அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்-வூஃபர்) போதும்.

கம்பெனிகளைப் பத்தி ரெண்டு வார்த்தை. டெனானும் மராண்ட்ஸும் 2002-லேயே ஒரே குடும்பமாயிருச்சு, அதனால அந்த ரெண்டுக்கும் நடுவுல ரொம்பக் குழம்ப வேணாம். ஆன்கியோவோட ஹோம் தியேட்டர் கம்பெனி ஜப்பான்ல 2022-ல திவாலாகி, இப்ப பேரு வேற கையில இருக்கு. பழைய ஆன்கியோவை யாராச்சும் மலிவா தள்ளிவிட வந்தா ஸ்பேர் கிடைக்குமான்னு கேட்டுட்டு வாங்குங்க.

டெனான்ல ஆடிஸி, யமஹால ஒய்.பி.ஏ.ஓ.ன்னு ரூமை அளக்குற வசதி இருக்கும். கூட வர்ற மைக்கை சோஃபா மேல போட்டுறாதீங்க. ஸ்டாண்டுல காது உயரத்துக்கு நிறுத்தி, ஃபேனையும் ஏசியையும் அணைச்சுட்டு ஓட விடுங்க. சப்-வூஃபர் 9 அடியில இருக்கும், செட்டு 14 அடின்னு காட்டும். தப்பில்ல, உள்ளே இருக்குற சர்க்யூட்டோட தாமதத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுது. அதைத் திருத்தாதீங்க. முடிஞ்சதும் ஸ்பீக்கரை எல்லாம் 'ஸ்மால்'ல வச்சு, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ்ல விடுங்க, அதுக்குக் கீழ உள்ள கனத்த சத்தமெல்லாம் சப்-வூஃபருக்குப் போயிரும்.

இதுக்கெல்லாம் முன்னாடி ரூம் நடுவுல நின்னு ஒரு தடவை கை தட்டிப் பாருங்க. 'ட்ரிங்'னு திரும்பி வந்தா, டைல்ஸ் தரைக்கு ஒரு ஜமுக்காளம், சன்னலுக்குக் கனமான ஸ்கிரீன். இருபதாயிரம் கூடப் போட்டு வாங்குற ரிசீவர் செய்யாத வேலையை அது செய்யும்.

அப்ப எதை எடுக்க? ரிப்பேர் ஆனா யார் பிரிப்பாங்கன்னு பாத்து எடுங்க. என் வீட்டுச் செட்டு ஒரு ஐப்பசி மழையில போச்சு. பவர் வயரை நான் புடுங்கித்தான் வச்சிருந்தேன். மொட்டை மாடி டிஷ் வயர் வழியா இடி இறங்கி, செட்-டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. கேபிள்ல ஏறி ரிசீவரோட போர்டைத் தின்னுருச்சு. பதினோரு கிலோ பெட்டியை ஆம்னி பஸ்ல சென்னைக்கு ஏத்திவிட்டு, 'போர்டு வரணும் சார்'ங்கிற ஒரே பதிலை ரெண்டு மாசம் கேட்டேன். அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி அந்தந்த கம்பெனி டோல்-ஃப்ரீ நம்பருக்குப் போட்டு, உங்க பின்கோடைச் சொல்லி, மதுரையிலேயே பிரிக்கிறாங்களா, இல்ல வாங்கி வெளியூர் அனுப்புறாங்களான்னு கேளுங்க. எது இங்கேயே பிரிக்குதோ அதை எடுங்க. ரெண்டும் சமம்னா நான் யமஹா எடுப்பேன். காரணம் கேக்காதீங்க, பழக்கம்தான்.

இடி வர்ற மாதிரி இருந்தா முன்னாடியே பவர் வயரோட டிஷ் வயரையும் கழட்டிருங்க. செட்டை டிவி ஷோகேஸுக்குள்ள அடைக்காதீங்க. மேல அரை அடி காலியா இருக்கணும். சித்திரை வெயில்ல நம்ம மாடி ரூமே அடுப்பு, அதுக்குள்ள இன்னொரு அடுப்பு எதுக்கு?

கேள்வி: துபாய்ல இருந்து மாமா கொண்டு வர்றேங்கிறார், விலை கம்மி. வாங்கலாமா? - உசிலம்பட்டி வாசகி

பதில்: கரண்டு ஒத்துவரும்மா, அங்கயும் 230 வோல்ட்தான். அமெரிக்கச் செட்டுன்னா 120, இங்க நேரா சொருகினா புகைஞ்சிரும். ஆனா வாரண்டி பெரும்பாலும் வாங்கின நாட்டோட முடிஞ்சுரும். மிச்சமாகுற காசு ஒரு போர்டு மாத்துற செலவைத் தாங்குமான்னு கணக்குப் பாருங்க. கடைக்காரர் யாராச்சும் 'இன்டர்நேஷனல் வாரண்டி'ன்னு வாயால சொன்னா, பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க.

கேள்வி: சென்னையில ஆன்லைன் கடையில வாங்கின செட்டு, வாரண்டிக்குள்ளயே பழுது. மாத்தித் தர மாட்டேங்கிறாங்க. கேஸ் போட சென்னை போகணுமா? - மேலூர் வாசகர்

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலேயே போடலாம். உங்களுக்கு மதுரை நுகர்வோர் ஆணையம். வாங்கின தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும். முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் அடிச்சுப் புகாரைப் பதிவு பண்ணுங்க, சில நேரம் அதுலயே இறங்கி வந்துருவாங்க. பில், வாரண்டி அட்டை, அவங்க அனுப்பின மெசேஜ் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வைங்க. பெட்டிக்குள்ள இருந்த தெர்மாக்கோலையும் தூக்கிப் போட்டுறாதீங்க, திருப்பி அனுப்பும்போது அதைத்தான் முதல்ல கேப்பாங்க.