தொழிற்சங்கத்திலும் மாணவர் அமைப்பிலும் இருப்பவர்கள் எல்லோரும் கட்சி உறுப்பினர்களா?

ஒரு கட்சியின் தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டினாலே அந்தக் கட்சியில் உறுப்பினராகிவிடுவோமா, 'அணி'யும் 'சார்பு அமைப்பு'ம் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஆகமாட்டீர்கள். அணியும் சார்பு அமைப்பும் ஒன்றல்ல.

ஒரு கட்சிக் கிளையில் சில வருடம் உறுப்பினர் பதிவேடு எழுதியவன் நான். அதில் கற்ற சுருக்குவழி: அந்த அமைப்பின் செயலாளரை நீக்க யாரால் முடியும் என்று பாருங்கள். கட்சித் தலைமை ஒரு வரி அறிக்கையில் தூக்க முடிந்தால் அது அணி. அமைப்பின் சொந்த நிர்வாகக் குழு கூடித்தான் நீக்க வேண்டும் என்றால், தலைவர்கள் ஒரே மேடையில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தாலும் அது தனி அமைப்பு; சார்பு அமைப்பு என்பது இதைத்தான். இளைஞர் அணி, மகளிர் அணி எல்லாம் முதல் வகை. கட்சி அட்டை இருந்தால்தான் அங்கே பொறுப்பு. அவ்வளவுதான், அதில் சிக்கலே இல்லை.

சிக்கலெல்லாம் சங்கங்களில்தான். இந்தியாவின் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திலேயே இதற்கு ஒரு வேலி இருந்தது: அரசியல் செலவுக்குத் தனி நிதி வைக்க வேண்டும், அதில் பணம் போடச் சொல்லி எந்த உறுப்பினரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கம்யூனிஸ்ட் கட்சிகளை எடுத்துக்கொண்டால், அவற்றின் தலைமையை ஏற்கும் சங்கத்தில் பெருங்கூட்டம் இருக்கும். கட்சிக்குள் அதில் ஒரு சிறு பகுதிதான். கட்சிக்குள் வரப் பரிந்துரை வேண்டும், ஒருவரின் வேலையைக் கொஞ்ச காலம் கட்சி கவனித்த பிறகுதான் முழு உறுப்பினர், வருமானத்துக்கு ஏற்ற லெவி (கட்சிக்குக் கட்டும் பங்கு), வருடாவருடம் புதுப்பித்தல். சங்கத்தில் சேர இதில் ஒன்றும் தேவையில்லை.

இதற்கு நேர் எதிர், பிரிட்டனின் தொழிற்கட்சி. 1900இல் அது தொடங்கியதே சங்கங்களும் சோஷலிசக் குழுக்களும் கூடிய கூட்டமைப்பாகத்தான். 1918 வரை தனி ஆள் நேரே தேசியக் கட்சியில் சேர வழியே கிடையாது. இணைந்த அமைப்பு ஒன்றின் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும். சங்கம் தன் உறுப்பினர்களுக்காக மொத்தமாக ஒரு தொகை கட்டும், மாநாட்டில் அவர்கள் எல்லோருடைய வாக்கையும் மொத்தமாகப் போடும். 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுக்காதவரின் சந்தாவிலிருந்து அரசியல் நிதிக்கு ஒரு பங்கு போய்விடும். 1926 பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1927இல் அரசு இந்த விதியைத் திருப்பிப் போட்டது: இனி 'வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தவர்தான் கணக்கில் வருவார். சங்கங்கள் வழியாக 32 லட்சமாக இருந்த எண்ணிக்கை அடுத்த வருடமே ஏறக்குறைய 20 லட்சமானது. யாரும் கொள்கை மாறவில்லை. படிவம் மாறியது. 1946இல் தொழிற்கட்சி ஆட்சி பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தது.

சுவீடனில் சமூக ஜனநாயகக் கட்சியிலும் சங்கக் கிளைகள் மொத்தமாகச் சேர்ந்துகொள்ளும் முறை இருந்தது. 1990 முடிவில் அதை நிறுத்தினார்கள். 10 லட்சத்தைத் தாண்டியிருந்த உறுப்பினர் கணக்கு சில வருடங்களில் 3 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆகவே ஒரு கட்சி "எங்களுக்கு இத்தனை லட்சம் உறுப்பினர்கள்" என்றால், எந்த வாசல் வழியாக எண்ணினீர்கள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. மிஸ்டு கால் கொடுத்தாலே உறுப்பினர் சேர்க்கை தொடங்கிவிடும் காலத்தில் இன்னும் அதிகமாகவே.

இரண்டு வாசல் இருந்தால் ஒரே ஆள் இரண்டு முறை நுழையலாம். 2010இல் தொழிற்கட்சித் தலைவர் தேர்தலில் நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சி உறுப்பினர்கள், இணைந்த சங்கங்கள் என்று மூன்று பிரிவுக்கும் சம பங்கு. கட்சிக்காரராகவும் சங்கத்துக்காரராகவும் இருந்தவர் இரண்டு பிரிவிலும் வாக்களிக்கலாம். முதல் இரண்டு பிரிவுகளிலும் டேவிட் மிலிபாண்ட் முந்தினார். சங்கப் பிரிவு அவருடைய தம்பி எட் மிலிபாண்ட் பக்கம் சாய்ந்தது, மொத்தத்தில் தம்பி மயிரிழையில் ஜெயித்தார். 2014இல் அந்த முறையை எடுத்துவிட்டு ஆளுக்கு ஒரு வாக்கு என்றாக்கினார்கள்.

வாசலே இல்லாத கட்சியும் உண்டு. நெதர்லாந்தில் கீர்ட் வில்டர்ஸ் 2006இல் தொடங்கிய கட்சியில் ஆள் சேர வழியில்லை, உறுப்பினர் என்று இருப்பவர் அவர் ஒருவர்தான். 2023 தேர்தலில் அதுதான் முதலிடம் பிடித்தது. இன்னொரு பக்கம் காந்தி: காங்கிரஸை நாலணா உறுப்பினர்களின் கட்சியாக்க 1920இல் அதன் அமைப்பு விதிகளைத் திருத்தி எழுதியவர், 1934இல் அந்த நாலணா உறுப்பினர் பொறுப்பையும் விட்டு விலகினார். அதற்குப் பிறகும் அவர் சொல்லைத் தள்ளிவிட்டுக் காங்கிரஸ் நடந்துவிட முடியவில்லை.

என் பதிவேட்டுக்கு வருகிறேன். எங்கள் கட்சியில் மாநாட்டுப் பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கிளையின் பலத்தை வைத்து ஒரு கணக்கிலும், சங்கத்தின் பலத்தை வைத்து இன்னொரு கணக்கிலும் முடிவுசெய்தார்கள். அதனால் உட்கட்சித் தேர்தல் வந்தால் சேர்க்கைப் புத்தகங்கள் திடீரென்று தீர்ந்துபோகும். ஒருமுறை வந்த ஒரு புத்தகத்தில் 25 அடிக்கட்டையும் ஒரே பச்சை மையில், ஒரே கையெழுத்தில் இருந்தன. சந்தாவும் மொத்தமாக ஒரே ஆள் கட்டியதுதான். நான் திருப்பி அனுப்பினேன், மேலே இருந்தவர்கள் ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது ஓர் அண்ணனின் கதை. கிளை வழியாக ஓர் எண், சங்கம் வழியாக ஓர் எண், இரண்டிலும் அவரே. "ஒன்றை அடித்துவிடுகிறேன் அண்ணே, எதை வைத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கட்சி நம்பரை அடிச்சிரு தம்பி. போனஸ் பேசப் போறது சங்கம்தானே."