இயற்பியலில் 35 மதிப்பெண்: நீட் தேர்வை மீண்டும் எழுதலாமா?

எழுதலாம், ஆனால் உயிரியலை முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்குவதாக நீங்கள் கடிதத்தில் எழுதியுள்ள திட்டத்தைக் கைவிடுங்கள். 360-க்கு 300 எடுத்துள்ள உங்களுக்கு அங்கே மிச்சமிருப்பது 60 மதிப்பெண்தான். இயற்பியலிலோ 180-க்கு 35 போக 145 மிச்சமிருக்கிறது.

இயற்பியலில் நீங்கள் விடையளித்த 40 வினாக்களில் 15 சரி, 25 தவறு என்கிறீர்கள். அதாவது ஒரு சரிக்கு 4 வீதம் கிடைத்த 60-லிருந்து, ஒரு தவறுக்கு 1 வீதம் 25 கழிந்திருக்கிறது. தீர்வுகளைப் படித்துப் புரிந்துகொண்டதையே பயிற்சி என்று எண்ணிவிட்டீர்களோ என்பது என் ஊகம். தீர்வை மூடிவைத்துத் தாளில் போட்டுப் பழகாதவருக்குத் தேர்வறையில் முதல் வரியே ஓடாது.

இதைச் சோதிக்க, நீங்கள் விடைகளைக் குறித்த ஓ.எம்.ஆர். தாளின் நகலையும் விடைக்குறிப்பையும் எடுத்து, தவறிய 25 வினாக்களை மட்டும் கடிகாரம் பார்க்காமல், விடைகளை மறைத்துவைத்துப் போடுங்கள்.

1. பாதிக்கு மேல் சரியாக வந்தால் குறை வேகத்தில் இருக்கிறது. 180 நிமிடங்களில் 180 வினாக்கள் என்னும் தேர்வுக்கு, நேரம் குறித்து எழுதும் மாதிரித் தேர்வுகளே மருந்து.

2. அப்போதும் வராவிட்டால், பதினோராம் வகுப்பு இயக்கவியலிலிருந்து தொடங்குங்கள். வெக்டரிலேயே (அளவோடு திசையும் கொண்ட கணியங்கள்) தடுமாறினால் அதற்கும் முன்னால் போக வேண்டியிருக்கும் (இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை).

ஓர் எச்சரிக்கை: கட்-ஆஃப் ஆண்டுதோறும் மாறுவதால், இந்த ஆண்டின் எண்ணை அப்படியே இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். கையில் இருப்பதாக நீங்கள் எழுதியுள்ள பட்டப்படிப்பு இடத்தையும், இந்தச் சோதனையின் முடிவைப் பார்க்கும்வரை விட்டுவிட வேண்டாம்.