சீனாவின் டென்சென்ட் போன்ற ஒரு கேம் நிறுவனம் வெளிநாடுகளில் முதலீடு செய்தே எப்படி இவ்வளவு பெரிதாக வளர்ந்தது?

எம்பிஏ புராஜெக்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மன்னார்குடியில் பல வருஷம் பிரவுசிங் சென்டர் நடத்தியவன் நான். பொருளாதாரம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் சொல்லும் ஒப்பந்தங்கள் எல்லாம் ஊரறிய அறிவிக்கப்பட்டவை.

2020 செப்டம்பரில் மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜி மொபைலும் போனது. அன்று சாயங்காலம் கடையில் பெரிய வாக்குவாதம். "அண்ணே, பப்ஜி கொரியாக்காரனோடதுதானே, அதை ஏன் தடை பண்ணாங்க?" என்றான் ஒரு பையன். ஜெராக்ஸ் எடுக்க வந்த வாத்தியார், "எல்லாம் சீனாக்காரன்தான்டா" என்று அடித்துச் சொன்னார்.

பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். கேமின் உரிமை கொரியாவின் கிராஃப்டன் குழுமத்துக்கு. மொபைல் பதிப்பை அவர்களோடு சேர்ந்து உருவாக்கி இங்கே வெளியிட்டது டென்சென்ட். கிராஃப்டனின் இரண்டாவது பெரிய பங்குதாரரும் அதே டென்சென்ட். அடுத்த வருஷம் கிராஃப்டனே அதே கேமை இந்தியாவுக்கென்று பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்ற பெயரில் நேரடியாகக் கொண்டு வந்தது. இந்திய வெளியீடு டென்சென்ட் கையை விட்டுப் போனது, கிராஃப்டனில் வைத்திருந்த பங்கு போகவில்லை. உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி, பணம் போட்ட நேரம். 2012இல் அமெரிக்காவின் எபிக் கேம்ஸில் 33 கோடி டாலருக்கு 40 சதவீதம் வாங்கினார்கள். எபிக்கின் பெரிய ஹிட்டான ஃபோர்ட்நைட் கேம் வந்ததோ 2017இல். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமை உருவாக்கிய ரயட் கேம்ஸை 2011இல் பெரும்பான்மையாக வாங்கி, 2015இல் முழுதாக எடுத்துக்கொண்டார்கள். 2016இல் வேறு முதலீட்டாளர்களையும் சேர்த்துக்கொண்டு ஃபின்லாந்தின் சூப்பர்செல் என்ற மொபைல் கேம் நிறுவனத்துக்குக் கொடுத்தது 860 கோடி டாலர். நம் பக்கம் நிலத்தை வாரத்துக்கு விட்டவர் நாற்று எப்போது நட வேண்டும் என்று வந்து நிற்க மாட்டார் அல்லவா, அப்படித்தான் இவர்களும் வாங்கிய நிறுவனங்களின் அன்றாட வேலையில் பெரிதாகத் தலையிடுவதில்லை. எபிக் இன்றும் அதை ஆரம்பித்த டிம் ஸ்வீனி கையில்தான் இருக்கிறது.

அப்புறம், வெளிநாட்டு கேம் சீனாவுக்குள் போக உள்ளூர் வெளியீட்டாளர் வேண்டும். சீனாவில் எல்லோரும் பயன்படுத்தும் கியூகியூ, வீசாட் என்ற இரண்டு அரட்டைச் செயலிகளையும் வைத்திருக்கும் டென்சென்ட் பங்கு கேட்டு வந்தால் யார் மறுப்பார்கள்? 2018இல் சீன அரசு புது கேம்களுக்கு மாதக்கணக்கில் அனுமதி தராமல் நிறுத்தியபோது, வெளிநாட்டு வருமானம் எவ்வளவு அவசியம் என்பது அவர்களுக்கு உறைத்திருக்கும்.

கடன் வாங்கி, கண்டதையெல்லாம் வாங்கினால் இது நடக்காது. ஸ்வீடனின் எம்பிரேசர் என்ற கேம் குழுமம் 2023இல் 200 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்று கைநழுவியதும் ஸ்டுடியோக்களை மூட ஆரம்பித்தது. சீனாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று வருபவர்களுக்கு: டென்சென்டே 2001இல் தென்னாப்பிரிக்காவின் நாஸ்பர்ஸ் என்ற ஊடக நிறுவனம் போட்ட பணத்தில் நிமிர்ந்ததுதான். வெளிநாட்டுப் பணம் என்பதாலேயே கெட்டது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். என் அக்கா மகன் கேம் டிசைன் படிக்க ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான். லட்சங்களை வாங்கிக்கொண்டு, கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத கம்ப்யூட்டரில் பவர்பாயிண்ட் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டணத்தைத் திருப்பிக் கேட்டால் சான்றிதழைத் தர மாட்டோம் என்று மிரட்டினார்கள். திறமையான பையன், இன்று திருப்பூரில் பில்லிங் வேலை பார்க்கிறான். அவன் வரைந்து வைத்த கதாபாத்திரங்கள் இன்னும் என் கடை கம்ப்யூட்டரில் இருக்கின்றன. டெல்டாவில் கேம் ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் கமெண்டில் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.