வீட்டு மாடல் ரயிலுக்கு மலையும் மரமும்: கேள்வி பதில்

புதுவண்ணாரப்பேட்டை அக்கா: இரண்டு பிள்ளைகளோடு சேர்ந்து மலை செய்யப் போகிறோம். எதில் செய்வது?

ஃபிரிட்ஜ் வந்த பெட்டிக்குள் இருக்குமே, அந்தத் தெர்மாகோல் போதும். படிப்படியாக அடுக்கி ஒட்டுங்கள். கத்தி உங்கள் கையில். பேப்பர் கிழிப்பது பிள்ளைகள் வேலை. கிழித்த பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிக்காலில் நனைத்து மூன்று அடுக்கு ஒட்டுங்கள். ஒவ்வோர் அடுக்கும் நன்றாகக் காய வேண்டும். மைதாப் பசை வேண்டாம். எங்கள் முதல் மலையை மைதாவில்தான் செய்தோம். ஒரே மாதத்தில் கரப்பான் பூச்சி அதில் சுரங்கப்பாதை போட்டுவிட்டது. ஸ்ப்ரே பெயிண்டும் வேண்டாம், தெர்மாகோல் குழிகுழியாக உருகும். புல்லுக்கு மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் முக்கிக் காயவையுங்கள். எங்கள் வீட்டில் அதைத் தூவுவது என் அம்மா. டீ வடிகட்டியைத் தட்டித் தட்டி, கோலம் போட்ட கையால் சமமாகத் தூவுவார். மரத்துக்கு, முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் நாரைப் பிய்த்துக் குச்சியில் ஒட்டுங்கள்.

காசிமேடு தம்பி: தண்டவாள ஜல்லிக்குக் கடல் மணல் போடலாமா?

கூடாது. உப்பு ஈரத்தை இழுக்கும், தண்டவாளம் கறுக்கும். அதிலுள்ள கறுப்புத் துகளில் பல காந்தத்தில் ஒட்டுகிற ரகம். எஞ்சின் மோட்டாருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எம்-சாண்டை மெல்லிய துணியில் சலித்து, மேலே ஒரு காந்தத்தை ஓட்டிவிட்டுப் போடுங்கள். நிஜத்தில் 50 மி.மீ. ஜல்லி, 87இல் ஒரு பங்காகச் சிறுத்த நம் 1:87 மாடலில் வெறும் 0.6 மி.மீ.தான். பரப்பியதும் முதலில் சோப்புத் துளி கலந்த தண்ணீரைத் தெளியுங்கள், அப்புறம் பாதிக்குப் பாதி ஃபெவிக்கால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தண்டவாளம் பிரிகிற பாயிண்ட் பக்கம் மட்டும் பசை போகக் கூடாது.

பெரம்பூர் ஐயா (ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஓய்வு): ஹெச்.ஓ. (அந்த 1:87 மாடல்) தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அதில் நம் ரயிலை ஓட்டுவது பொய்தானே?

பொய்தான் ஐயா. நம் பிராட்கேஜ் (அகலப்பாதை) 1,676 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும். 16.5 என்பது 1,435 மி.மீ. ஸ்டாண்டர்ட் கேஜுக்கான கணக்கு. அதற்குப் பொருந்துவது விம்கோ நகர் போகும் மெட்ரோதான்.

அதே ஐயா: அப்போ 19.3இல் நீங்களே போடலாமே?

போடலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் சக்கரம் மாற்ற வேண்டும். முடிப்பதற்குள் என் மகள் காலேஜ் போய்விடுவாள்.

கொருக்குப்பேட்டை அண்ணன்: தண்டவாளத்தை யார் அளந்து பார்க்கிறார்கள்? ஐயா சும்மா வம்பு.

வம்பு இல்லை அண்ணே. பக்கத்தில் மெட்ரோ ஓடினால் வித்தியாசம் கண்ணில் படும். ஆனால் பிள்ளைகள் பார்ப்பது ரயில் சுரங்கத்துக்குள் போய் வெளியே வருவதை. நான் அந்தக் கட்சி.

பெரம்பூர் ஐயா: 40 வருஷம் பெட்டி கட்டியவன் கண்ணுக்குத் தெரியும்!

உங்கள் கண்ணுக்குப் பயந்துதான் இரண்டு பக்கமும் புதர் வைத்திருக்கிறேன்.

தண்டையார்பேட்டை: 24 பெட்டி எக்ஸ்பிரஸ் வேண்டும்.

ஒரு ஐ.சி.எஃப். பெட்டி 24.5 செ.மீ. வரும். எஞ்சின் சமையலறையில், கடைசிப் பெட்டி வாசலில். ஐந்து போதும்.

ராயபுரம்: எங்கள் ஸ்டேஷனைச் செய்ய முடியுமா?

அவசியம் செய்யுங்கள், 1856இல் திறந்த கட்டடம். தூண்களுக்குப் பேப்பர் ஸ்ட்ரா. நேரில் போய் முகப்புத் தூண்களைப் பிள்ளைகளே எண்ணட்டும்.

வியாசர்பாடி: கண்ட்ரோலர் சூடாகிறது.

பிளக்கைப் பிடுங்குங்கள். மற்றதை எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். என் படிப்பு மலையோடு சரி.

எண்ணூர்: கடல் மணலை நன்றாகக் கழுவினால்?

கழுவினால் உப்பு போகும், இரும்பு போகாது. மேலே காசிமேட்டுத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருவொற்றியூர்: வெயிலில் காயவைத்தால்?

வடகம் காயவையுங்கள்.