கேள்வி மேடை: தீவுக்கு வந்த கைதிகள்

கேள்வி: மருது பாண்டியரின் மகன் நம் பினாங்கில் கைதியாக இருந்தார் என்று தீபாவளி விருந்தில் மாமா ஒருவர் அடித்துச் சொன்னார். நிஜமா, வாட்ஸ்அப் சரக்கா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், பிறை)

பதில்: மாமா சொன்னது நிஜம்தான். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கம்பெனி, சின்ன மருதுவின் மகன் துரைசாமியை, சிறுவன் என்றோ என்னவோ, உயிரோடு விட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில், 70-க்கும் மேற்பட்ட கிளர்ச்சிக்காரர்களோடு தூத்துக்குடியில் கப்பலேற்றி இங்கே அனுப்பியது.

கர்னல் வெல்ஷ் என்ற வெள்ளைக்காரர் இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் சின்ன மருதுவிடமே கற்று, பின்னால் அவரையே எதிர்த்துப் போருக்குப் போன ஆள். (குருதட்சணை!) 1818-இல் அவர் பினாங்குக்கு வந்தபோது, தளர்ந்த கிழவர் ஒருவர் எதிரே வந்து நின்றார். யாரென்று முதலில் தெரியவில்லை. அதுதான் துரைசாமி. அப்போது அவருக்கு முப்பது சொச்சம் வயதுதான் இருந்திருக்கும்.

இவரைப் போன்ற கிளர்ச்சிக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். கொலை, கொள்ளை வழக்குகளில் தீவாந்திர தண்டனை பெற்று வங்காளத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தவர்களே அதிகம். பிரான்சிஸ் லைட் 1786-இல் கொடி ஏற்றியபோது தீவில் பெரும்பகுதி காடு. வெட்ட ஆள் வேண்டும், கூலி கொடுக்க மனமில்லை. ஆகவே காலில் விலங்கோடு சாலை போட்டவர்கள் கைதிகள். நன்னடத்தை காட்டினால் வெளியே சம்பாதிக்க அனுமதி உண்டு. மற்றக் கைதிகளை மேய்க்கும் வேலைகூடக் கிடைக்கும். பலர் இங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களை 1873-இல் அந்தமானுக்கு மாற்றினார்கள். நம் கதையை ரப்பர் தோட்டத்திலிருந்தே ஆரம்பிப்பவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: கோலாலம்பூர் புடு ஜெயிலில் இப்போது பார்க்க ஏதாவது இருக்கிறதா?
(கல்லூரி மாணவி, செந்தூல்)

பதில்: நுழைவாயில் மட்டும். 1895-இல் கட்டி முடித்து, 1996-இல் கைதிகளை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மினி பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, கைதிகளே மதில் நெடுக வரைந்த கடலையும் மரங்களையும் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனவன் நான். அந்த மதிலை 2010-இல் சாலை அகலப்படுத்தவென்று இடித்தது அநியாயம் என்பேன். இப்போது அங்கே ஷாப்பிங் மால். ஹாங் துவா எல்.ஆர்.டி.யில் இறங்கினால் பக்கம்தான்.